என்கிளேவுக்கு இன்னொரு பொருள்

பதினெட்டு வருடமாக வகுப்பில் நான் நடத்திவந்த ஒரு சொல்லை, புதிதாக வந்த ஒருத்தி ஒரே மத்தியானத்தில் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. அது எவ்வளவு அற்பமான எண்ணம் என்று இன்று தெரிகிறது. தெரிந்தும், இதை எழுதும்போது வயிற்றில் லேசாக எரிகிறது.

பென்னாகரத்துக்கு வெளியே ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் நான் புவியியல் ஆசிரியை. என் கணவர் ஊருக்குள் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். ஃபிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, பள்ளி அடையாள அட்டை எல்லாம் அங்கே கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பார். எங்கள் பள்ளியின் வேலைகளும் அவரிடம்தான் போகும். அவர் கடை விஷயம் என்னிடம் பேசமாட்டார். நானும் வகுப்பு விஷயம் அவரிடம் பேசமாட்டேன். அப்படியே பழகிவிட்டது.

அந்தச் சொல் என்கிளேவ். ஒரு நாடோ அதன் துண்டு நிலமோ நான்கு பக்கமும் வேறொரு நாட்டால் சூழப்பட்டிருந்தால் அதற்கு அந்தப் பெயர். ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் தென்னாப்பிரிக்காவை வரைந்து நடுவே லெசோத்தோவை வண்ணச் சுண்ணக்கட்டியால் தீட்டுவேன். பிறகு நம் பக்கத்து உதாரணமாகப் புதுச்சேரியை வரைவேன். அது ஒரே நிலமாக இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடப்பதைக் காட்டுவேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அந்தப் பாடம் எனக்குப் பிடித்த பாடம். ஆனால் நான் ஒருமுறைகூடப் புதுச்சேரிக்குப் போனதில்லை.

அந்த வருடம் ஜூனில் ஆங்கிலத்துக்கு ஒரு புது ஆசிரியை வந்தாள். முப்பது வயது இருக்கும். மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருந்த குடும்பம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். புதுச்சேரியில் தங்கிப் படித்து, கூடவே பிரெஞ்சும் கற்றிருந்தாள். சத்தமாகச் சிரிப்பாள். ஆசிரியர் அறையில் பதினெட்டு வருடத்தில் எங்களில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

என் பாடம் நடந்த அன்று முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

“மிஸ், நம்ம இங்கிலீஷ் மிஸ் அங்கதான் படிச்சாங்களாம். பஸ்ல அரை மணி நேரம் போறதுக்குள்ள மூணு தடவ தமிழ்நாடு வந்து வந்து போகுமாம். ‘தங்களை வரவேற்கிறோம்’னு போர்டா வருமாம்.”

வகுப்பே சிரித்தது. இன்னொருத்தி, “மிஸ், நீங்களும் போயிருக்கீங்களா?” என்று கேட்டாள். நான் அவளைப் பாடப் புத்தகத்தின் அடுத்த பத்தியை வாசிக்கச் சொன்னேன்.

அதுதான் ஆரம்பம். அதற்குப் பிறகு அவள் எது செய்தாலும் எனக்குக் குத்தியது. தலைமையாசிரியையான கன்னியாஸ்திரி அவளை வராந்தாவில் நிறுத்திப் பேசினால், என்ன பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொள்வேன். அவள் கட்டும் பருத்திப் புடவைகளை எண்ணி வைத்திருந்தேன். மொத்தம் ஏழு.

பள்ளிக்கு ஐம்பதாவது வருடம் வந்தது. விழாவுக்காக ஒரு புதுச் சின்னம் வேண்டும் என்று முடிவானது. பழைய சின்னம் வெறும் வட்டத்துக்குள் ஒரு விளக்கு. ஆயர்களின், அதாவது பிஷப்புகளின், சின்னம்போலக் கேடய வடிவில் இருக்கட்டும் என்றார் பங்குத் தந்தை. அவர், தலைமையாசிரியை, நான், அவள், வடிவமைக்க என் கணவர் என ஐந்து பேர் ஒரு மத்தியானம் அலுவலக அறையில் உட்கார்ந்தோம்.

எல்லோரும் விளக்கு, புத்தகம், ஆறு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் ஒரு வரைபடத்தாளை எடுத்து மேசை மேல் வைத்தாள். கேடயத்தின் மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி மஞ்சள். இரண்டும் சேரும் கோடு நேராக இல்லை. நடுவில் மஞ்சள் ஒரு சதுரமாக நீலத்துக்குள் ஏறியிருந்தது, தச்சர் பலகையில் பொருத்து வெட்டிச் செருகியதுபோல.

“ஃபாதர், கேடயச் சின்னம் வரையறதுல இதுக்குன்னு ஒரு பேரு இருக்குதுங்க. என்கிளேவ். ஒரு நிறத்துக்குள்ள இன்னொண்ணு சதுரமா உள்ள போய் உக்காந்துருந்தா அப்படிச் சொல்லுவாங்க. பிரெஞ்சு வார்த்தை. உள்ள வெச்சுப் பூட்டறதுன்னு அர்த்தம். அதுக்கும் மூலம் லத்தீன்ல சாவிங்கற வார்த்தைங்க.”

“அட,” என்றார் தந்தை. இயேசு இராயப்பரிடம் கொடுத்த விண்ணகச் சாவி அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“அது நாட்டுக்குச் சொல்றது,” என்றேன் நான். “ஒரு நாட்டுக்குள்ள இன்னொரு நாடு.”

“ஆமாங்க மேடம், அதுவும்தான். ரெண்டும் ஒரே வார்த்தைங்க. அதனாலதான் நம்ம ஸ்கூலுக்கு இது பொருந்தும்னு நெனச்சேன்.” அவள் ஜன்னலைக் காட்டினாள். “சுத்தி நாலு பக்கமும் கேழ்வரகு போட்டுருக்கற அந்த அண்ணன் வூட்டு நெலம். நடுவுல சதுரமா நாம. அவங்க தாத்தா அவங்க நெலத்து நடுவுல வெட்டிக் குடுத்தது. வர்றதுக்கு ஒரு பாதை மட்டும்தான். நாமளே ஒரு என்கிளேவ்ல தானுங்க உக்காந்துருக்கோம்.”

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினோம். வெளியே கேழ்வரகு முழங்கால் உயரம் நின்றது. அந்தப் பாதையில் பதினெட்டு வருடம் காலையும் மாலையும் நடந்திருக்கிறேன். இந்தப் பக்கம் கேழ்வரகு, அந்தப் பக்கம் நிலக்கடலை. அதே பாதையில் நடந்துவந்து கையிலிருந்த சாக்பீஸால் லெசோத்தோவை வரைந்திருக்கிறேன். நான் நிற்கும் இடத்துக்கு அந்தப் பெயர் பொருந்தும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வந்து ஆறு மாதம் ஆன அவளுக்குத் தோன்றியது. எனக்கு வலித்தது அதுதான். மற்றதெல்லாம் பிறகு அதன் மேல் வந்து சேர்ந்தவை.

“ரொம்ப நல்லாருக்கு மிஸ்,” என்றார் என் கணவர். அவர் என்னை அப்படிப் பாராட்டி எத்தனை நாளாயிற்று என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது.

மறுநாள் காலை கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டே அவர் “ஆன்க்லாவ், ஆன்க்லாவ்” என்று சொல்லிப் பார்த்தார். பிரெஞ்சில் அப்படித்தான் சொல்ல வேண்டுமாம்.

“யாரு சொன்னாங்க?” என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

“அந்த மிஸ்தான். மூக்குல சொல்லணுமாம்.” மறுபடியும் மூக்கால் சொன்னார். தோசையைத் திருப்பிப் போட மறந்து கருகவிட்டேன்.

வேலை நடந்த அந்த மூன்று வாரமும் அவள் சனிக்கிழமைகளில் கடைக்குப் போனாள். நிறம் பார்க்க, கோடு பார்க்க. ஒரு சனிக்கிழமை நாலு மணிக்கு, அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கும் சாக்கில் நானும் போனேன். வாசலிலேயே அவள் சிரிப்புக் கேட்டது. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன. எனக்குத் தெரிந்து அந்தக் கடையில் இரண்டாவது நாற்காலியே கிடையாது. பக்கத்து மருந்துக் கடையிலிருந்து வாங்கிப் போட்டிருக்கிறார். மேசையில் இரண்டு டீ கிளாஸ்.

“வாங்க மேடம், உக்காருங்க,” என்று அவள் எழுந்துகொண்டாள்.

“இல்ல, பஸ் வந்துரும்,” என்று கண்ணாடியை வைத்துவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நிழற்குடையில் நின்றுகொண்டே, எதற்குச் சிரித்தார்கள் என்று யோசித்தேன். அன்று இரவு சாப்பிடும்போது அவரிடம் கேட்கவும் செய்தேன். “எதுக்கோ சிரிச்சோம், ஞாபகம் இல்ல,” என்றார்.

விழா மலர் அச்சுக்குப் போவதற்கு முன் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார்.

“சின்னத்துக்கு அவங்க ஒரு பக்கம் விளக்கம் எழுதியிருக்காங்க டீச்சர். நீங்க சீனியர். அந்த வார்த்தைக்கு அப்படி ஒரு அர்த்தம் இருக்குதான்னு ஒரு தடவ பாத்துச் சொல்லிடுங்க. ஆயர் வர்ற விழா. தப்பாப் போயிடக் கூடாது.”

நூலகத்தில் தடிமனான ஒரு பழைய ஆங்கில அகராதி உண்டு. யாரும் தொடாமல் தூசி படிந்திருந்தது. அதைத் தூக்கி வைத்துப் பிரித்தேன். முதல் பொருள் என்னுடையது. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், கேடயச் சின்னக் கலையில் ஒன்றுக்குள் இன்னொன்று, பெரும்பாலும் சதுரமாக, பொருத்தப்பட்டிருப்பது என்று இருந்தது. பிரெஞ்சு, லத்தீன், சாவி எல்லாம் இருந்தது. அவள் சொன்ன ஒரு வார்த்தையும் தவறில்லை.

இரண்டு முறை வாசித்தேன். பிறகு அகராதியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு புவியியல் அறைக்குப் போனேன். சுருட்டிய வரைபடங்கள் வைக்கும் இரும்பு அலமாரியில், இமயமலை உருவமாதிரிக்குப் பின்னால் அதைத் தள்ளிவிட்டுப் பூட்டினேன். துளியும் தயங்கவில்லை. அதைத்தான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

தலைமையாசிரியையிடம் போய், “அப்படி ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர். நாட்டுக்குச் சொல்றது மட்டும்தான்,” என்றேன்.

“அப்படீங்களா? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப அந்தக் கட்டம் வேணாம். கோடு நேராவே இருக்கட்டும்.”

அவ்வளவுதான். என் பதினெட்டு வருடத்தின் மதிப்பு அந்த ஒரு வாக்கியத்தில் செலவாகிவிட்டது. எனக்கு அப்போது அது தெரியவில்லை. ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

மறுநாள் ஆசிரியர் அறையில் அவள் என் மேசைக்கு வந்தாள். “எதுல பாத்தீங்க மேடம்?”

“லைப்ரரில இருக்கற பெரிய டிக்ஷனரில.”

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரிங்க மேடம்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு அவள் கடைக்குப் போகவில்லை. மருந்துக் கடை நாற்காலி திரும்பிப் போயிற்று. நான் நினைத்ததுபோலக் கணவர் என் பக்கம் ஒன்றும் திரும்பிவிடவில்லை. முன்பு எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார்.

விழா நாள் வந்தது. நுழைவாயிலில் பெரிய ஃபிளெக்ஸ். அதில் நீலமும் மஞ்சளும் நேர்க்கோட்டில் பிரிந்த கேடயம். முக்கிய விருந்தினர்களை வரவேற்று முன்வரிசைக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு. பள்ளியைச் சுற்றிலும் நிலம் வைத்திருக்கும் அந்த மனிதர் மனைவி, மகள், மருமகன், தம்பி குடும்பம் எல்லோரையும் கூட்டிக்கொண்டு பாதையில் நடந்துவந்தார். ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. அவரை அந்தப் பாதையில் அழுக்கு லுங்கியில்தான் பார்த்திருக்கிறேன்.

ஃபிளெக்ஸ் முன்னால் நின்று கீழிருந்து மேல்வரை பார்த்தார். பிறகு குனிந்து பார்த்தார். மருமகனிடம், “இருக்கும், பாரு,” என்றார். கடைசியில் என்னிடம் திரும்பினார்.

“டீச்சர், இதுல எங்க நெலம் எங்கீங்க?”

நான் கையிலிருந்த விருந்தினர் பட்டியலைப் பார்த்தேன்.

“அந்த இங்கிலீஷ் டீச்சரம்மா பாதைல போறப்ப சொன்னாங்க. எங்க தாத்தன் குடுத்த எடத்தச் சதுரமாப் போட்டுச் சின்னத்துலயே வெக்கறாங்கன்னு. அதான் எல்லாத்தையும் கூட்டியாந்தேன்.”

உண்மையைச் சொல்ல அது ஒரு சந்தர்ப்பம். நான் சொன்னது: “அது வந்துங்க, அச்சுல விட்டுப்போச்சுங்க.”

என் கணவர் நாலடி தள்ளி ஃபிளெக்ஸின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அந்த மனிதர் அவரிடம் போனார். கோபப்படவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார்.

“ஏனுங்க, கொஞ்சம் பாத்துப் போட்டுருக்கக் கூடாதுங்களா?”

என் கணவர் என்னைப் பார்த்தார். கயிற்றை விடாமலே, “மன்னிச்சுக்குங்க,” என்றார்.

விழா முழுக்க அவர் என் பக்கம் வரவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டார்.

“அச்சுல விட்டுப்போச்சா?”

நான் அழவில்லை, மழுப்பவும் இல்லை. அகராதி, அலமாரி, பூட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். “ரெண்டாவது நாற்காலி போட்டிருந்தீங்க,” என்றேன். அதைவிடக் கௌரவமான பதில் என்னிடம் இல்லை.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்படி எல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்வார், மனசு ஆறும் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.

“அவங்க வந்தா வேலை சுவாரசியமா இருந்துச்சு. நெசமாத்தான் சொல்றேன். நான் போடற கோட்ட ஒருத்தங்க உக்காந்து பாத்து, இது ஏன் இப்படின்னு கேட்டாங்க. இந்த இருவது வருசத்துல நீ என் கடைல வந்து ஒருநாள் உக்காந்துருக்கியா?”

“நீங்க கூப்பிட்டதே இல்லையே.”

“நாற்காலி இல்லன்னு நெனச்சுருப்பேன்,” என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்பே அலமாரியைத் திறந்து அகராதியை எடுத்தேன். முதலில் தலைமையாசிரியையிடம் போகத்தான் நினைத்தேன். கால் ஆசிரியர் அறைக்குப் போயிற்று. அவள் தனியாக விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன்.

“இருக்குதும்மா. நான் அன்னிக்கே பாத்தேன். பாத்துட்டுத்தான் இல்லன்னு சொன்னேன்.”

அவள் அகராதியைப் பார்க்கவில்லை. “தெரியுங்க மேடம்,” என்றாள். “என் போன்லயே இருக்குது. நீங்க சொன்ன அன்னிக்கே பாத்துட்டேன்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்றது? நீங்க பதினெட்டு வருசம் இங்க. நான் வந்து ஒரு வருசம்கூட ஆவல. சிஸ்டர்கிட்டப் போயி நீங்க பொய் சொல்றீங்கன்னு சொன்னா யார நம்புவாங்க? நம்புனாலும் அப்பறம் இந்த ரூம்ல நான் எப்படி உக்கார்றது?” சிவப்புப் பேனாவை மூடினாள். “எனக்குக் கோவம்தாங்க மேடம். இப்பவும் கோவம்தான். அந்த அண்ணன் எங்கிட்டயும் வந்து கேட்டப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு.”

மன்னிப்புக் கேட்டேன். அவள் விடைத்தாளை எடுத்து மறுபடியும் திருத்த ஆரம்பித்தாள். நான் அகராதியைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். மேசையிலிருந்த விழா மலரை எடுத்துப் புரட்டிவிட்டு, “மலர் அச்சாயிடுச்சு. அத ஒண்ணும் பண்ண முடியாது,” என்றார். பிறகு, “வாசல்ல வளைவு கட்டறோம்ல, அதுல அந்தக் கட்டத்தோடயே வரட்டும். அந்த நெலத்துக்காரர்கிட்ட நீங்களே போயிச் சொல்லுங்க,” என்றார். மலர்க் குழு, விழாக் குழு எதிலும் அதற்குப் பிறகு என்னைப் போடவில்லை. சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பதையும் நிறுத்திவிட்டார்.

நிலக்காரர் கடலைச் செடிக்கு நடுவே நின்றிருந்தார். விட்டுப்போனது என் கணவரின் தவறில்லை, நான் வேண்டுமென்று எடுக்க வைத்தேன் என்று சொன்னேன். “ஏனுங்க டீச்சர்?” என்று கேட்டார். “பொறாமைங்க,” என்றேன். அவருக்கு அது நன்றாகவே புரிந்தது. “எங்கூட்லயும் பங்காளிங்க இருக்காங்க,” என்று சொல்லி, சொரசொரவென்று இருந்த இரண்டு கைப்பிடிப் பச்சைக் கடலையைப் பறித்துக் கொடுத்தார்.

வளைவு கட்டும்போது மேஸ்திரிக்கு அந்தச் சதுரம் சரியாக வரவில்லை. மஞ்சள் ஓடு இரண்டு முறை உடைந்தது. அவள்தான் வெயிலில் நின்று அளந்து சொன்னாள். நான் மாடி வகுப்பறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவரும் கீழே நின்றிருந்தார், கையில் வரைபடத்தோடு. இருவரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். எனக்கு மறுபடியும் எரிந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகும் எரிகிறதே என்று அதிசயமாக இருந்தது. ஒப்புக்கொண்டால் போய்விடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லைதான். நானாக அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தால் இரண்டு பொருளையும் சொல்கிறேன். இரண்டாவது யார் சொன்னது என்று பிள்ளைகள் கேட்பதில்லை. இருந்தாலும், “உங்க இங்கிலீஷ் மிஸ் சொல்லித்தான் எனக்கே தெரியும்,” என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதெல்லாம் ஒரு கசப்பு மருந்தை விழுங்குவதுபோல இருக்கும். அவளும் நானும் இப்போது பேசிக்கொள்கிறோம். தேர்வுப் பணி, விடுப்பு, மழை இப்படி. கோபம் போயிற்றா என்று நான் கேட்கவில்லை.

போன மாதத்திலிருந்து சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போய் உட்காருகிறேன். கணவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார். முதல் நாள் இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவர் ஒரு காதுகுத்துப் பத்திரிகைக்கு ஓரக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இந்தக் கோடு ஏன் இவ்வளவு தடிமன் என்று கேட்டேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். பாதிதான் எனக்குப் புரிந்தது.